நகல் எடுத்த குரல்கள்

தூத்துக்குடியில் எந்த வயரையும் இரண்டு வருஷத்துக்கு மேல் நம்பக் கூடாது, இன்ஸ்பெக்டர் மேடம். கடல் ஒரு பக்கம், உப்பளம் மறுபக்கம். காற்றிலேயே உப்பு இருக்கிறது. வயர் முனையில் இருக்கும் செம்பு பச்சை பூத்துவிடும். என் வேலையில் பாதி அந்தப் பச்சையைச் சுரண்டுவதுதான்.

என் பெயர் சிவப்பிரகாஷ். வயது முப்பத்தாறு. முத்தையாபுரத்துக்கு அப்பால் இருக்கும் கன்டெய்னர் யார்டில் ஒன்பது வருஷமாக நெட்வொர்க் பார்க்கிறேன். துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகள் எங்களிடம் வரும்; சுங்கப் பரிசோதனை முடிந்ததும் வெளியே போகும். எங்கள் யார்டு சூப்பர்வைசர் தங்கப்பாண்டி அண்ணாச்சி எப்படிச் செத்தார் என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொன்னால்தான் சரியாகப் புரியும். நடுவில் நிறுத்தாமல் எழுதிக்கொண்டால் நல்லது.

போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு புகார் வந்தது. போனில் பேசினால் குரல் உடைகிறது, பாதி வார்த்தை வருவதில்லை என்று கொழும்பு ஏஜென்ட் சொல்லியிருந்தார். மேனேஜர் சங்கரபாண்டியன் சார் என்னைக் கூப்பிட்டு இரண்டு நாளில் சரி பண்ணச் சொன்னார். நியாயமான வேலை. அதை நியாயமான முறையில்தான் தொடங்கினேன்.

ஆபீஸ் வயர்கள் எல்லாம் ஒரு பெட்டியில் வந்து சேரும். அதற்கு சுவிட்ச் என்று பெயர். விளக்கு போடும் சுவிட்ச் இல்லை; இருபத்துநான்கு துளைகள் உள்ள தட்டையான பெட்டி. ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். ஒரு போர்ட்டில் போவது இன்னொரு போர்ட்டுக்குத் தெரியாது. ஆனால் போர்ட் மிரரிங் என்று ஒரு வசதி உண்டு. ஒரு போர்ட்டில் போவதையும் வருவதையும் அப்படியே நகல் எடுத்து என் கம்ப்யூட்டர் இருக்கும் போர்ட்டுக்கு அனுப்பச் சொல்லலாம். இரண்டே வரிக் கட்டளை. பழுது பார்க்க எல்லா இடத்திலும் செய்வதுதான். எங்கள் போன்களும் அதே வயரில் ஓடுவதால், பேச்சையும் கேட்க முடியும். பேசுகிறவருக்கு எதுவும் குறையாது. ஒருவரிடமிருந்தும் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. இதை நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

மேனேஜர் அறைப் போனைத்தான் முதலில் கேட்டேன். அவர் டாக்குமென்ட் பிரிவில் இருக்கும் ருகையா அக்காவைக் கூப்பிட்டார். காயல்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். ஆபீசில் எல்லாருக்கும் அக்கா.

"அந்த கம்ப்யூட்டர்காரன் பேரு என்னம்மா? ஒரு லெட்டர்ல போடணும்."

"சிவப்பிரகாஷ், சார்."

"ஆங், அவன்தான்."

அப்போது நான் சேர்ந்து எட்டு வருஷம் முடிந்திருந்தது. வருத்தம் என்று சொல்ல மாட்டேன். தகவலாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பழுதைக் கண்டுபிடித்தேன். ஒரு முனையில் பச்சை. வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை போட்டேன், குரல் சரியானது. அந்த இரண்டு வரியை அன்றே அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று ஒரு வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு அப்படிச் சொல்லவும் தேவைப்படவில்லை.

பொழுது போகாமல் ஒட்டுக்கேட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். கேட்டதை வைத்து நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

ருகையா அக்காவின் மகள் ரிஃப்காவுக்குக் கல்லூரி விண்ணப்பம் போடக் கடைசி நாள். வெப்சைட்டில் சர்டிபிகேட் ஏறவே இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் துபாயில். வீட்டுக்குப் போன் போட்டு அக்கா அழுதுகொண்டிருந்தார். நான் ஏதோ வயர் பார்க்க வந்தவன் போல அவர் மேஜைக்குப் போனேன். "என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் ஏற்றிக் கொடுத்தேன். "தம்பி, அல்லாஹ்தான் உங்கள அனுப்பிருக்கான்" என்றார். மறுநாள் எனக்கென்று தனியாக ஒரு டப்பாவில் அவர் ஊர் இனிப்பான வட்டலப்பம் கொண்டுவந்தார்.

ரோச் எங்கள் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். திரேஸ்புரத்துக்காரன். அவன் அப்பாவுக்கு ஆபரேஷன், ஓ நெகட்டிவ் ரத்தம் கிடைக்கவில்லை என்று யார்டு கேபினிலிருந்து யார் யாரிடமோ பேசினான். எனக்கு ஓ நெகட்டிவ். அவன் என்னைக் கேட்கவே இல்லை, கேட்கத் தோன்றியிருக்காது. நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையை நீட்டினேன்.

"ஏலே சிவா, ஒனக்கு யாருலே சொன்னா?"

"இந்தப் பக்கமா வந்தேன். ஒன்னைப் பார்த்தேன்."

என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பனிமய மாதா திருவிழாவுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு, தேர் பார்க்கத் தன் குடும்பத்தோடு என்னையும் நிற்கவைத்தான். அவன் அம்மா என்னை "எம்புள்ள" என்றார்.

இப்படி ஒரு ஆறேழு காரியம் இருக்கும். சிவாவிடம் சொல்லவே வேண்டாம், அவனாகவே தெரிந்து வந்து நிற்பான் என்று ஆபீசில் பேச்சு வந்தது. நான் கேண்டீனுக்குள் போனால் ஆட்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அதற்குள் மிரர் ஒரு போர்ட்டிலிருந்து ஆறு போர்ட்டுகளுக்குப் போயிருந்தது. யார்டு கேபின் போன் அதில் ஒன்று. எண் 214.

214 தங்கப்பாண்டி அண்ணாச்சியின் போன். அவர் உடன்குடிப் பக்கத்துக்காரர்; கல்யாணத்துக்குப் பிறகு முத்தையாபுரத்தில் குடியிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. சத்தமே போடாமல் நாற்பது பேரை வேலை வாங்குகிறவர். செல்போனை வாசல் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் யார்டுக்குள் போக வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் வீட்டுக்குப் பேச வேண்டியதை எல்லாம் அவர் அந்தக் கேபினிலிருந்துதான் பேசுவார்.

அவர் மனைவி வடிவம்மாள் மைனிக்கு மார்பில் கட்டி. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்; ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் அவர்கள் பேசியதை நான் கேட்டேன். மைனி பயந்தது, அண்ணாச்சி தைரியம் சொன்னது, எல்லாம். நானும் சரியாகத் தூங்கவில்லை. ஒரு புதன்கிழமை தேநீர்க் கடையில் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். முகம் கறுத்திருந்தது. பக்கத்தில் போய், "மைனிக்கு ஒண்ணும் இருக்காது அண்ணாச்சி. நூத்துக்கு எண்பது சாதாரணக் கட்டிதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "ம்" என்றார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சர்வர் அறைக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததில்லை. கதவைச் சாத்தினார்.

"தம்பி, ஒரு காரியம் கேக்கணும். வடிவுக்குக் கட்டின்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல யாரோ பேசிக்கிட்டாங்க அண்ணாச்சி."

"ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. எம் மகளுக்கே தெரியாது. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கியிருந்தா. ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்துட்டேன். நான் பேசுனது அங்கன கேபின் போன்ல மட்டுந்தான்."

நான் கையை நீட்டித் திரையை அணைத்தேன்.

"அந்தப் போனைக் கேக்கியாலே?"

"பழுது பாக்கத்தான் அண்ணாச்சி."

அவர் என் மேஜையில் கிடந்த ஹெட்போனைப் பார்த்தார். அதைத் தொடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ ரோச்சுக்காக ரத்தம் கொடுத்தவன். ஒன்னைப் பிடிச்சுக் கொடுக்க எனக்கு மனசு வரல. திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள நீயே சார்கிட்ட போய்ச் சொல்லிரு. சொல்லலன்னா நான் சொல்லுதேன். அது வரைக்கும் எங்கூடப் பேசாத. கோவத்துல ஏதாவது செஞ்சிருவேன்."

நல்ல மனிதர். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சட்டையைப் பிடித்திருப்பார்கள். எனக்கு மூன்று நாள் கொடுத்தார்.

அந்தச் சனி, ஞாயிறு முழுவதும் யோசித்தேன். வேலை போகும், அது பெரிதில்லை, எனக்கு வேறு இடத்தில் கிடைக்கும். ருகையா அக்கா எப்படிப் பார்ப்பார் என்றுதான் யோசித்தேன். ரோச்சின் அம்மா என்ன சொல்வார் என்று யோசித்தேன். நான் அவர்களுக்குச் செய்ததெல்லாம் ஒரே மத்தியானத்தில் வேறு மாதிரி ஆகிவிடும். ரத்தம் அதே ரத்தம்தான். ஆனால் அதை அசிங்கம் என்பார்கள். அது நியாயமாக எனக்குப் படவில்லை.

ஆனாலும் திங்கட்கிழமை காலை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் ஆபீசுக்குப் போனேன். நம்புங்கள். எட்டரைக்கே போய்விட்டேன். சார் பத்தரைக்குத்தான் வருவார் என்றார்கள். காத்திருக்க வேண்டியிருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

எட்டே முக்காலுக்கு வடிவம்மாள் மைனி 214-க்குக் கூப்பிட்டார். ரிசல்ட் வந்துவிட்டது, சாதாரணக் கட்டிதான் என்றார். அண்ணாச்சி சிரித்தார். சாயங்காலம் சீக்கிரம் வருவதாகவும் திருச்செந்தூர் போய்விட்டு வரலாம் என்றும் சொன்னார். நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது என்று எனக்கு ஒரு நிம்மதி.

ஒன்பது பத்தொன்பதுக்கு ருகையா அக்காவின் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. பெட்டிகளுக்குள் பூச்சி மருந்துப் புகை போடும் கம்பெனியில் கிளார்க்காக இருக்கும் ஷாம்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டோம். மருந்து போட்டிருக்கது 417-ல முடியுத பெட்டி. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கது 471-ல. முந்திரிக்கொட்டைப் பெட்டிக்கா. 417-ஐத் தொறக்க வேண்டாம்னு சொல்லிருங்க. உள்ள இருக்க விஷக் காத்து இன்னும் வெளிய போகல."

"யா அல்லாஹ். அதத்தானே ஒம்பதரைக்குக் கஸ்டம்ஸுக்குத் தொறந்து காட்டணும்? இந்தா, இப்பமே அண்ணாச்சிகிட்ட சொல்லுதேன்."

போனை வைத்தார். உடனே 214-ஐ அழுத்தினார்.

மணி அடிக்கவில்லை. லைன் பழுது என்று உங்கள் கோப்பில் எழுதியிருக்கிறீர்கள். தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியும் அப்படித்தான் எழுதினார். உப்புக்காற்று என்று நான்தான் அவருக்கு எடுத்துக் கொடுத்தேன்.

அது பழுது இல்லை. ஒரு போர்ட்டை நகல் எடுக்கும் அதே திரையில், அதே போர்ட்டை அணைக்கவும் முடியும். அதற்கு ஒரே ஒரு சொல். ஷாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அதை அடித்து முடித்திருந்தேன். அக்கா போனை வைக்கும் சத்தமும் நான் என்டர் தட்டிய சத்தமும் ஒன்றாகத்தான் வந்தன.

அண்ணாச்சி சாவார் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லலாம்தான். வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொல்வார். ஆனால் சித்திரையில் எங்கள் யார்டில் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. புரொஜக்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க நான் கடைசிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மருந்துப் புகை போட்ட பெட்டியைக் காற்றாட விடாமல் திறந்து உள்ளே போனால் சாவதற்கு இரண்டு மூச்சு போதும் என்று வகுப்பெடுத்த அதிகாரி சொன்னார். அந்தப் பக்கத்தை அவர் இரண்டு முறை திரையில் போடச் சொன்னார். போட்டது நான்தான்.

அக்கா ஏழு தடவை முயன்றார். ஒவ்வொன்றையும் கேட்டேன். நாலாவது தடவை, "எடுங்களேன் அண்ணாச்சி" என்றார், யாரும் எடுக்காத போனிடம். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் பத்துப் பதினைந்து விநாடி இருந்தது. இன்னொரு சொல் அடித்தால் போர்ட் உயிர் பெற்றுவிடும். விரல் விசைப்பலகை மேல்தான் இருந்தது. அண்ணாச்சி அப்போது கேபினில்தான் இருந்தார். ஒன்பது இருபத்தைந்துவரை அங்கேயே உட்கார்ந்து லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

கடைசியில் அக்கா வாசல் கேட்டுக்குப் போன் போட்டார். வாட்ச்மேன் சைக்கிளை எடுத்தார். கேட்டிலிருந்து அந்த வரிசைக்கு முக்கால் கிலோமீட்டர், நடுவில் லாரிகள். அக்காவும் ஓடியிருக்கிறார். செருப்பு அறுந்து, வெயிலில் காய்ந்த தாரில் வெறுங்காலோடு ஓடினார் என்று சொன்னார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. கால் இன்னும் ஆறவில்லை.

அதற்குள் அண்ணாச்சி 417-இன் கதவைத் திறந்து, சரக்கைப் பார்க்க உள்ளே கால் வைத்துவிட்டார். ரோச் ஃபோர்க்லிஃப்டிலிருந்து அவர் விழுந்ததைப் பார்த்தான். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு போய் அவரை வெளியே இழுத்தான். அவனும் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். படியேறினால் இப்போதும் மூச்சு வாங்குகிறதாம். அவனைப் பார்க்க மூன்று தடவை போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்.

ஒன்பது முப்பத்துமூன்றுக்குப் போர்ட்டைத் திரும்ப உயிர்ப்பித்தேன். பிறகு ஒருவர் கேபினுக்குப் போய்ப் போனை எடுத்துப் பார்த்தபோது அது நன்றாக வேலை செய்தது. இந்த ஊரில் அது யாருக்கும் ஆச்சரியமில்லை.

ஷாமைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். இருபத்துநாலு வயது. அவன் செய்தது இரண்டு எண்ணை மாற்றிப் படித்தது மட்டும்தான். அதைக் கண்டுபிடித்ததும் உடனே போன் செய்தான். அவனை விட்டுவிட வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்கு முன்னால் வடிவம்மாள் மைனி இங்கே வந்து போனதாகச் சொன்னீர்கள். அவர் வந்திருக்காவிட்டாலும் நான் வந்திருப்பேன். இந்த வாரமோ அடுத்த வாரமோ.

மைனி எதற்கு வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணாச்சி செத்த மூன்றாம் நாள் துஷ்டி கேட்க முத்தையாபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். ஆபீசிலிருந்து வேன் வைத்திருந்தார்கள். எல்லாரும் போய் உட்கார்ந்து எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். மைனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யார் வந்தாலும் ஒன்றையே சொன்னார். "ஒண்ணும் பேசாமப் போயிட்டாவளே. ரிசல்ட்டைச் சொன்னேன், சிரிச்சாவ. கடைசியா எங்கிட்ட மனசு விட்டு ஒரு வார்த்தை சொல்லலியே."

அது உண்மை இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் காலையில் மைனி போனை வைத்த பிறகும் நாலைந்து விநாடி லைன் இருந்தது. அண்ணாச்சி ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சினார். அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று தெரிந்தே பேசினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அழுகைக்கு முன்னால் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது?

பக்கத்தில் போய்க் குனிந்து மெதுவாகச் சொன்னேன். "மைனி, அண்ணாச்சி சொன்னாங்க. 'நான் ரொம்பப் பயந்துட்டேம்ளா வடிவு. நீ இல்லன்னா எனக்குச் சோறு திங்கக்கூடத் தெரியாது'ன்னு."

அவர் அழுகை நின்றது. என் முகத்தையே பார்த்தார்.

"இதை ஒங்கிட்ட எப்பம் சொன்னாவ?"

"அன்னைக்குக் காலையில மைனி."

"வெள்ளிக்கிழமையே அவுக எங்கிட்ட சொல்லிட்டாவ, தம்பி. நீ போனைக் கேக்கன்னு. ஒங்கிட்ட பேச மாட்டேன்னும் சொன்னாவ." குரல் உயரவே இல்லை. "திங்கக்கிழமையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்க. அப்பம் ருகையா போன் போட்டதும் ஒனக்குக் கேட்டிருக்கும்லா?"

சுற்றி இருந்த பெண்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை, பின்னால் வரவும் இல்லை.

இவ்வளவுதான். போர்ட்டை அணைத்தது நான். தெரிந்தேதான் அணைத்தேன். சுவிட்ச் தன் நினைவில் நேரத்தோடு குறித்து வைத்திருக்கும். அழிக்க எனக்குத் தெரியும், அழிக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். மைனிக்கு இப்போது என் மேல் கோபம் இருக்கும். ஆனால் அண்ணாச்சியின் அந்த வார்த்தை அவருக்குச் சேர வேண்டியது; நான் கேட்டுக்கொண்டிருக்காவிட்டால் அது அவருக்குக் கிடைக்காமலே போயிருக்கும்.